இரண்டாவது பேட்டரி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லீட்டா இரண்டு பேட்டரிகளில் ஒன்றுக்கு மட்டும் சார்ஜரை மாட்டினாள். மற்றதன் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

நாலு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததேயில்லை. டோரன் ஏரி ஊர் குடிக்கிற தண்ணீர். பெட்ரோல் மோட்டார் வைத்த படகு அதில் இறங்கக் கூடாது. மின்மோட்டார் வைத்துக்கொள்ளலாம், துடுப்பு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தால் சோறு தின்கிறவள் லீட்டா. நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் குப்பி குப்பியாக ஏரித் தண்ணீரை மொண்டு சோதிக்கிற வேலை. அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவுக்கு டயர் தொழிற்சாலை, அண்ணனுக்கும் டயர் தொழிற்சாலை. அதை மூடினதும் இரண்டு பேருக்கும் சோபா. படகு அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பதினாலு அடி அலுமினியப் படகு. அந்த ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மின்மோட்டாரில் ஏரியின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குப் போக நாற்பது நிமிடம். கரையோரமாக ஒருவன் நடந்து வந்தால் கூடவே வந்துவிடலாம், அவ்வளவுதான் வேகம். சத்தம் இருக்காது. அதனால் பேசலாம். போக நாற்பது, வர நாற்பது. புதன்கிழமைதோறும் ஏரியில் மீன்பிடிப் போட்டி. ஊரில் எல்லாருக்கும் அது மீன். லீட்டாவுக்கு அது எண்பது நிமிடம். மற்ற ஆறு நாளும் அந்த எண்பது நிமிடத்துக்குக் காவல் இருந்தன.

ஏனென்றால் படகில் ராய்ஸ் இருந்தான், போட்டியில் அவள் ஜோடி.

முதல் புதன்கிழமை, அவள் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே, பேருந்தில் ஜன்னல் சீட்டைப் பிடிக்கிற மாதிரி அவன் போய் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மோட்டாரின் கால்மிதி முன்னால்தான் இருக்கும். அதை மிதிக்கிறவன் சொல்கிற இடத்துக்குத்தான் படகு போகும். தூண்டிலின் முதல் வீச்சும் அவனுக்குத்தான். அவன் வீசி, இழுத்து, கலக்கி முடித்த தண்ணீர்தான் பின்னால் இருப்பவளுக்கு. எச்சில் தண்ணீர். அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலு வருஷம் அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு மீன் பிடித்தாள். வெயிலில் செங்கல் நிறமான கழுத்து. தொப்பிப் பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். எந்தச் சட்டை போட்டாலும் காலருக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டை லேபிள். கையை நீட்டி அதை உள்ளே தள்ளிவிட எத்தனை தடவை நினைத்திருப்பாள்! நீட்டியதில்லை.

மே மாதம் அவன் கேண்டஸைச் சந்தித்தான். கேண்டஸின் அப்பாவுக்குத் தெற்கே டென்னசியில் ஒரு பெரிய அணைக்கட்டின் கரையில் படகுக் கடை. மாப்பிள்ளைக்கு வேலையும் உண்டு, ஓட்டிக் காட்ட மினுமினுப்பு பூசிய படகும் உண்டு. இருநூற்றைம்பது குதிரைத் திறன். ஜூலையில் ஒருநாள் அதை ஊருக்கு இழுத்து வந்து, லீட்டாவை ஏற்றி ஆற்றில் எழுபது மைல் வேகத்தில் போனான். அவள் வாயைத் திறந்தபோது காற்று உள்ளே புகுந்து வார்த்தையை வயிற்றுக்கே திருப்பி அனுப்பியது. இறங்கினதும், "எப்படி?" என்றான். "நல்லாருக்கு," என்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அதற்கப்புறம் அழுததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

சனிக்கிழமை அவன் போகிறான். நாளைதான் கடைசிப் புதன்.

ஒரு பேட்டரி வடக்கு முனைக்குப் போய், கொஞ்சம் சுற்றி, திரும்பும் வழியின் தொடக்கம் வரை தாங்கும். மிச்சத்தைத் துடுப்பு போட்டுத்தான் வர வேண்டும். மெதுவாக வரலாம். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆகட்டும். எடைபோடும் நேரம் தவறினால் தவறட்டும். இந்த வருஷம் அவர்கள் பட்டியலில் ஒன்பதாவது இடம், இழக்க ஒன்றுமில்லை. அவள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நேரம். அதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எதைச் சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

*

படகுத்துறையில் மெர்வின் அட்டையும் பென்சிலுமாக நின்றிருந்தார். தூண்டில் இரைக் கடைக்காரர், போட்டியை நடத்துகிறவர், தராசும் அவர் கையில். அவர் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு வருஷத்துக்கும் பெரிய மீன் எது, பிடித்த படகு எது என்று எழுதி வைத்திருப்பார். இந்த வருஷத்துக்கு நேரே ஸ்டப்ஸ் சகோதரர்கள், ஐந்து பவுண்டு பதினாலு அவுன்ஸ் என்று ஜூன் மாதத்திலிருந்தே இருந்தது. லீட்டாவின் படகு அந்தப் பலகையின் மூலையில், வாரப் பட்டியலில், எப்போதாவது வந்ததுண்டு. "ராய்ஸ் + 1" என்று வரும்.

"என்ன ராய்ஸ், கடைசிப் பந்தியா?" என்றார் மெர்வின்.

"ஆமா மெர்வ். இனிமே நெசமான ஏரி, நெசமான மோட்டார்."

பக்கத்துப் படகிலிருந்து பெரிய ஸ்டப்ஸ் குரல் கொடுத்தான். "இருநூத்தம்பது குதிரை வாசல்ல நிக்குது, இன்னும் இந்தக் கழுதை மேல என்னடா ஆசை?"

"கழுதைதான்டா வழி தெரிஞ்சது!" என்றான் ராய்ஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். கழுதைக்குச் சொந்தக்காரி குனிந்து பேட்டரிக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா காலேஜு," என்றார் மெர்வின், "இவன் போயிட்டா உன் படக யாரு ஓட்டுவா?"

"என் படக நான் ஓட்டுவேன்."

"அட, கோவத்தப் பாரு! சும்மாதான கேட்டேன்."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

ராய்ஸ் அதற்குள் முன்னால் போய் உட்கார்ந்து காலை மிதியில் வைத்திருந்தான். "ஏறு லீட்டா, அந்தக் கிழவனோட என்ன வம்பு. ரெண்டு பேட்டரியும் ஃபுல்லா?"

"எப்பவும் போலதான்," என்றாள். பொய்யைச் சொல்லும்போது நாக்கு வழுக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

போகும் நாற்பது நிமிடம் எப்போதும் போலவே போயிற்று. அவன் அம்மாவின் முழங்கால், அவள் எழுதிய அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டுப் பேர் வாங்கும் மேலதிகாரி, மீனுக்குக் காது கேட்குமா கேட்காதா, இதுதான் பேச்சு. அவள் செய்து கொண்டுவந்த போலோனி இறைச்சி சாண்ட்விச்சைப் பின்னாலிருந்து நீட்டினாள். அவன் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டான். அந்தக் கைக்கு அவள் கை எங்கே இருக்கும் என்று தெரியும். மேப்பிள் மரங்கள் உச்சியில் மட்டும் சிவந்திருந்தன. காற்று தெற்கிலிருந்து எழும்பி முதுகைத் தள்ளியது. திரும்பும்போது இது எதிர்க்காற்று என்று லீட்டாவின் மூளையில் ஒரு மூலை கணக்குப் போட்டது. நல்லதுதான், இன்னும் மெதுவாகப் போகும் என்று இன்னொரு மூலை பதில் சொன்னது.

வடக்கு முனையில் அல்லி இலைகள் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும். இலைகளின் மேலே, தூண்டில் முள்ளை மறைத்த ரப்பர் தவளையைத் தத்தவிட்டு இழுத்தால், அடியில் கிடக்கும் பாஸ் மீன் ஆத்திரத்தில் மேலே வந்து கவ்வும். பசியில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு மணி நேரம் ஒன்றும் கவ்வவில்லை. ராய்ஸ் நாலாவது முறையாக இலைகளுக்கு நடுவே அதே ஓட்டையில் தவளையை வீசினான்.

"ஒனக்குக் கிறுக்கா? அங்க ஒண்ணுமில்லன்னு மூணு தடவ பாத்தாச்சு," என்றாள்.

"மூணு தடவ சும்மா இருந்தவனுக்கு நாலாவது தடவதான் கோவம் வரும்."

தண்ணீர் வெடித்தது. வாளியைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். இலைகள் பிளந்தன, தவளையைக் காணோம், தூண்டில் கோல் படகின் விளிம்புவரை வளைந்தது. மீன் நேரே அல்லித் தண்டுகளுக்குள் புகுந்து தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டது.

"போச்சு! போச்சு!"

"வாய மூடிட்டுக் கோல தூக்கிப் பிடிடா!"

லீட்டா படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, தண்டுகளை அள்ளி அள்ளிப் பிய்த்தாள். கைவலைக்குள் பாதி இலை, பாதி மீனாக அது மேலே வந்தது. கைத்தராசில் மாட்டினார்கள். முள் ஆறைத் தாண்டி ஆறேகாலைத் தொட்டு நின்றது.

ராய்ஸ் முட்டி போட்டு, ஐஸ் பெட்டியில் பம்பு வைத்து அவள் செய்திருந்த மீன் தொட்டியில் அதை இறக்கினான். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவன். அவன் பேருக்கு நேராகப் பெரிய மீன் ஒருபோதும் வந்ததில்லை.

"லீட்டா," என்றான். "பலகை."

"தெரியுது."

"நான் போனப்புறமும் அந்தச் செவுத்துல இருக்கும்."

மணி ஆறு நாற்பது. ஏழரைக்கு எடை. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுண்டு வெட்டு, செத்த மீன் கணக்கில் சேராது. லீட்டாவின் பார்வை இரண்டாவது பேட்டரிக்குப் போயிற்று.

பத்து நிமிடம் மோட்டார் எதிர்க்காற்றில் முனகிக்கொண்டு போயிற்று. பிறகு நின்றது. ராய்ஸ் சிரித்துக்கொண்டே கம்பிகளைக் கழற்றி இரண்டாவது பேட்டரியில் மாட்டினான். மோட்டார் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது. பம்பும் நின்றது. காற்று படகை மெல்லப் பின்னோக்கித் தள்ள ஆரம்பித்தது.

"ஃபுல்லுன்ன?"

அவள் நடு இருக்கையில் போய் உட்கார்ந்து துடுப்புகளை மாட்டினாள். "நீ பின்னால போ. தொட்டிய கால் நடுவுல வச்சிக்கோ. காப்பி டப்பால ஏரித் தண்ணி மொண்டு ஊத்து."

"நான் போடுறேன் துடுப்பு."

"நான்தான் போடணும். போ பின்னால."

அவன் அவளைத் தாண்டிப் பின்னால் போனான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தான். துடுப்பு போடுகிறவள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஐஸ் பெட்டி, அதற்குள் ஒரு மீன். இப்போது லீட்டாவுக்கு எதிரே அவன் முகம் இருந்தது. எண்பது நிமிடம், எண்பது நிமிடமாக நாலு வருஷம் படகில் இருந்தும், இவ்வளவு நேர் எதிரே அதைப் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு தழும்பு. அதை எப்படிப் பெற்றான் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒசரத்துலேருந்து ஊத்து," என்றாள். "நுரைக்கணும். அப்பத்தான் தண்ணில காத்து ஏறும்."

அவன் உயர்த்தி ஊற்றினான்.

"நீ மறக்கற ஆளில்லையே," என்றான்.

"மறக்கல."

"என்னது?"

"மறக்கலன்னேன். வேணும்னுதான் மாட்டல. மூடி வச்சேன்."

டப்பா பாதி வழியில் நின்றது.

"ஊத்துறத நிறுத்தாத!" என்று கத்தினாள். அவன் ஊற்றினான். "கடைசி நாள். துடுப்பு போட்டு வந்தா நேரமாகும்னு நெனச்சேன். அவ்வளவுதான். மீன் கெடைக்கும்னு நான் கண்டனா? நாலு மாசமா ஒரு சுண்டெலி கூடக் கெடைக்கல ஒனக்கு."

"நேரமாகி?"

"நேரமாகி ஒண்ணுமில்ல. நீ இருப்ப. அதான்."

சொல்லிவிட்டாள். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. துடுப்பை முன்னால் தள்ளி, முக்கி, இழுத்தாள். உள்ளங்கையில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

ராய்ஸ் மீனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"இதுதான். மொத வருஷமே தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... எதாவது பேசி, சரியா வரலன்னா, புதன்கெழம போயிடும். எனக்குப் படகு கெடையாது லீட்டா. அதான் வாயத் தொறக்கல."

லீட்டா ஒரு கணம் துடுப்பை நிறுத்தினாள். காற்று உடனே படகைப் பின்னால் தள்ளியது.

"படகுக்காக," என்றாள்.

"அப்டிச் சொன்னா அசிங்கமாத்தான் இருக்கு."

"வேற எப்டிச் சொன்னா அழகா இருக்கும்? சொல்லிப் பாரு, கேக்கறேன்."

அவன் டப்பாவை உயர்த்திப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தான். நுரைத்தது.

அதற்கப்புறம் அவள் போட்ட துடுப்பு வேறு. கால் இரண்டையும் படகின் விலாவில் ஊன்றி, எழுந்து எழுந்து இழுத்தாள். அலுமினியம் அதிர்ந்தது. நீட்டிப் போட நினைத்த நேரத்தை அவள் கையாலேயே வெட்டி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் வடக்கு முனை அவன் தோளுக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போயிற்று. அல்லி இலைகள் முதலில் போயின, பிறகு சிவந்த மேப்பிள் உச்சிகள். வெயில் அவன் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. இவ்வளவு கோபத்திலும் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தாள். வெட்கமில்லாமல், துறை வரும்வரை பார்த்தாள். இனி இது கிடைக்கப்போவதில்லை. அவனும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். முதலில் பார்வையை எடுத்தது அவன்தான்.

"மீன் எப்டி இருக்கு?"

"செவுள் அசையுது."

"ஊத்து."

*

ஏழு இருபத்தொன்பதுக்குப் படகின் மூக்கு துறையின் கட்டையில் இடித்தது. ராய்ஸ் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆறு பவுண்டு நாலு அவுன்ஸ். உயிரோடு. ஸ்டப்ஸ் சகோதரர்கள் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்கள். மெர்வின் அட்டையில் எழுதக் குனிந்தார்.

"மெர்வ்," என்றான் ராய்ஸ், "இந்தத் தடவ லீட்டா பேர முன்னால போடு."

லீட்டா கட்டையில் உட்கார்ந்து கையை ஏரித் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். எரிந்தது.

"அதெல்லாம் வேணாம்," என்றாள். "மீனப் பிடிச்சது அவன். படகு என்னுது, வலை போட்டது நானு. நடந்தத அப்டியே எழுதுங்க. பேரு லீட்டா ஹாஃப்னர். ப்ளஸ் ஒண்ணு இல்ல."

மெர்வின் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். "ஹாஃப்னருக்கு ரெண்டு எஃப்பா ஒண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு."

படம் எடுத்தார்கள். மீனைத் துறையிலேயே தண்ணீரில் விட்டார்கள், எப்போதும் அப்படித்தான். வடக்கு முனையில் பிடித்த மீனை யாரும் வடக்கு முனைக்குக் கொண்டுபோய் விடுவதில்லை. அது கொஞ்ச நேரம் கட்டை நிழலில் அசையாமல் நின்றது.

"சனிக்கெழம காலைல கெளம்பறேன்," என்றான் ராய்ஸ். "வந்து..."

"வரமாட்டேன்."

அவன் தலையசைத்தான். தூண்டில் கோல்களை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து ஏற்றத்தில் நடந்தான். சட்டை லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேண்டஸ் உள்ளே தள்ளிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். தள்ளமாட்டாள் என்றும் நினைத்தாள். எது தனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை போட்டி இல்லை, இந்த வருஷத்துப் போட்டிகள் முடிந்துவிட்டன. துறையில் ஒருவரும் இல்லை. இரண்டு பேட்டரிகளும் முழுதாக ஏறியிருந்தன. லீட்டா படகைத் தண்ணீரில் தள்ளி, ஏறி, முன்னால் போய் உட்கார்ந்தாள். காலை மிதியில் வைத்தாள். படகு மூக்கை அமுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் கனமில்லாவிட்டால் அந்தப் படகு அப்படித்தான் போகும். இத்தனை நாள் பின்னால் இருந்தவள் அவள்தான் என்பதால் அவளுக்கு அது தெரியாது.

கரையிலிருந்து இருபது அடியில் நிறுத்தினாள். இரண்டாவது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடி, பின்னிருக்கைக்குக் கொண்டுபோய் வைத்தாள். வாரை இழுத்துக் கட்டினாள். திரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு கொஞ்சம் எழும்பியது. முழுதாக இல்லை. ஓர் ஆளுடைய கனம் அதற்குக் கிடையாது.

போதும் என்று மிதியை அழுத்தினாள். வடக்கு முனைக்கு நாற்பது நிமிடம்.